வெண்புள்ளி மறைகிற நாலாவது நாள்

புது மீன் வந்து பத்து நாள் ஆகியிருக்கும். காலையில் தொட்டி விளக்கு எரிவதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்த்தால், பவுடர் ப்ளூ டாங் என்கிற நீல நிறக் கடல் மீனின் பக்கத் துடுப்பில் உப்புப் பரல் ஒட்டியது போல ஆறேழு வெள்ளைப் புள்ளிகள். எனக்கு முதல் தடவை இது நடந்தபோது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பூண்டுச் சாறில் ஊறவைத்த தீனி, பவளத்துக்கு ஒன்றும் ஆகாது என்று லேபிளில் போட்டிருந்த ஒரு பாட்டில் மருந்து, அப்புறம் மீன் மேலிருக்கும் ஒட்டுண்ணியைத் தின்னும் என்று சொல்கிற ஒரு க்ளீனர் இறால். நாலாவது நாள் காலையில் மறுபடி டார்ச் அடித்தேன், ஒரு புள்ளிகூட இல்லை. மருந்து கேட்டுவிட்டது என்று நிம்மதியாகிவிட்டேன். பத்தாவது நாள் அதே மீனின் மேல் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளி, கூட இருந்த மற்ற மீன்கள் மேலும். இரண்டு வாரம் முடியும்போது தொட்டியில் மிஞ்சியது இரண்டே மீன்.

அந்த நாலாவது நாளில் நிஜமாக என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், கடல்நீர்த் தொட்டியில் ஒட்டுண்ணிகளோடு மல்லுக்கட்டுகிற விஷயத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

வெண்புள்ளியை உண்டாக்குவது க்ரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்கிற ஒற்றைச் செல் உயிரி. உடம்பெல்லாம் நுண்ணிய மயிரிழைகள், அவற்றை அசைத்து நீந்தும். 1930களில் ஜப்பானில் இதைக் கவனித்து எழுதினார்கள், 1951ல்தான் இப்போதுள்ள பெயர் வந்தது. நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி பார்க்க இதே மாதிரி இருந்தாலும் அது வேறு உயிரி, நெருங்கிய சொந்தம்கூடக் கிடையாது. அதனால் நன்னீர்த் தொட்டி வைத்திருந்த அனுபவத்தில், சூட்டை ஏற்றினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

இதன் வாழ்க்கை நாலு கட்டமாக நடக்கிறது. முதலில் மீன் மேல் இருக்கும் கட்டம், 3 முதல் 7 நாள் வரை. இங்கே கவனிக்க வேண்டியது, அது மீன் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, தோலின் மேலடுக்குக்குக் கீழே புகுந்து அங்கே இருக்கும் செல்களைத் தின்றுகொண்டிருக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அந்த இடத்தில் தோல் புடைத்திருப்பது. நன்றாகத் தின்று கொழுத்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கிவிடும். இறங்கி சில மணி நேரம் பாறையிலும் மணலிலும் ஊர்ந்துவிட்டு, ஏதாவது ஒரு கெட்டியான பரப்பில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்கிறது. அந்த ஓட்டுக்குள் திரும்பத் திரும்பப் பிளந்து, 200 வரை குட்டிகளாகப் பெருகி, வெளியே வந்து அடுத்த மீனைத் தேடி நீந்தும். நீந்துகிற குட்டிக்கு ஆயுசு ரொம்பக் கம்மி, முதல் ஆறு எட்டு மணி நேரத்துக்குப் பிறகு மீனுக்குள் புகும் தெம்பு வேகமாகக் குறைந்துவிடும்.

இப்போது என் நாலாவது நாளைப் பாருங்கள். மருந்து எதையும் கொல்லவில்லை. வயிறு நிறைந்த ஒட்டுண்ணிகள் அவையாகவே இறங்கிப் போயிருந்தன, முட்டை போட இடம் தேடிப் போன மாதிரி. இருபது புள்ளி இறங்கியது என்றால், திரும்பி வரும்போது அது நாலாயிரம் வரை போகலாம். நடுவில் நான் என்ன ஊற்றியிருந்தாலும், சும்மா குழாய்த் தண்ணீரை ஒரு சொட்டு விட்டிருந்தாலும், நாலாவது நாள் புள்ளி மறைந்துதான் இருக்கும். பாட்டில் மருந்துகளுக்குக் கிடைக்கும் நல்ல பெயரில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான் என்பது என் கணிப்பு.

கடலில் இது பெரிய ஆபத்தே இல்லை. 200 குட்டிகள் வெளியே வரும்போது மீன் எங்கோ போயிருக்கும், பெரும்பாலானவை ஒன்றையும் பிடிக்காமல் செத்துப்போகும். அதனால்தான் அது இத்தனை குட்டி போடுகிறது. நாம் செய்வது, அதே உயிரியை 300 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மீனையும் எங்கும் போகவிடாமல் அடைத்து வைப்பது. போதாததற்கு, ஒட்டுண்ணி பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் மீனிலிருந்து இறங்குகிறது, குட்டிகளும் இருட்டு நேரத்தில்தான் அதிகம் வெளியே வருகின்றன. டாங் மாதிரி மீன்கள் தினமும் ஒரே பாறை இடுக்கில் தூங்குகிறவை. தான் படுத்திருந்த இடத்திலேயே உதிர்த்த ஓடுகள், சில நாள் கழித்து அது அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் முகத்தருகில் வெடிக்கின்றன.

சரி, கொல்ல வேண்டியதுதானே என்றால், பவளத் தொட்டியின் சிக்கல் இங்கேதான் வருகிறது. கடல் மீன் ஒட்டுண்ணிக்குப் பல வருஷமாகச் சோதித்துப் பார்த்த மருந்து செம்பு. அது மீன் தாங்கும் அளவில் ஒட்டுண்ணியைக் கொல்லும், ஆனால் அதே அளவு பவளத்தையும் நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். தவிர, லைவ் ராக் என்கிற, உயிரிகள் குடியேறிய பாறையும் பவள மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அளவு நிலையாக நிற்காது. அப்புறம் பல மாதம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கசியவும் செய்யும். உவர்ப்பைக் குறைப்பது இன்னொரு வழி. சாதாரணமாக 1.025, 1.026 என்று இருக்கும் அடர்த்தியை 1.009க்கு இறக்கினால் க்ரிப்டோகாரியானின் ஓட்டுக்கட்டம் தாங்காது. அந்தத் தண்ணீரில் பவளமும் தாங்காது. ஒட்டுண்ணியும் ஒரு சிறு உயிரி, பவளத் தொட்டியின் அழகே அதிலிருக்கும் ஆயிரம் சிறு உயிரிகள்தான். ஒன்றை மட்டும் பார்த்துப் பார்த்துக் கொல்லும் மருந்து வெண்புள்ளிக்கு இதுவரை எனக்குத் தெரிந்து வரவில்லை. பவளத்துக்கு ஒன்றும் செய்யாத மருந்து ஒட்டுண்ணிக்கும் ஒன்றும் செய்யாது என்று எடுத்துக்கொண்டால் அநேகமாகத் தப்பாகாது.

ஆக மீனைத்தான் வெளியே எடுக்க வேண்டும். எல்லா மீனையும். இந்த வார்த்தையைக் கேட்டதும் பாதிப் பேர் முகம் வாடிவிடும் என்று தெரியும், நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால், வந்திருப்பது வெண்புள்ளிதானா என்று பார்க்க வேண்டும். மீன் மேல் வெள்ளையாக எது தெரிந்தாலும் வெண்புள்ளி என்று சொல்லிவிடுகிறோம். புள்ளிகளை ஒன்று இரண்டு என்று எண்ண முடிந்தால், உப்புப் பரல் அளவு இருந்தால், அது வெண்புள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம். எண்ண முடியாமல், மாவு சலித்துத் தூவியது போல மெல்லிய படலமாக, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கும்போது லேசான தங்கநிறத் தூசி மாதிரி மின்னினால் அது வெல்வெட். அமைலூடினியம் ஓசெல்லேட்டம் என்று பெயர், டைனோஃப்ளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் உயிரி வகை. இதை வெண்புள்ளியோடு குழப்பிக்கொண்டு நிதானமாக யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. இது முதலில் செவுளைப் பிடிக்கிறது, வேர் மாதிரி இழைகளைச் செவுளுக்குள் இறக்கிக்கொள்கிறது. தோலில் படலம் தெரிவதற்குள் செவுள் போயிருக்கும், சில நாளில், சில சமயம் ஒரே நாளில், தொட்டியே காலியாகிவிடும். ஒரு ஓட்டிலிருந்து 256 குட்டிகள் வரை வரும். மீன் வெளிச்சத்தைத் தவிர்க்கிறது, அலை பம்பின் எதிரே போய் நின்று அந்த ஓட்டத்துக்கு வாயைக் கொடுத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது, சாப்பாட்டைத் தொடவில்லை என்றால், புள்ளியே தெரியாவிட்டாலும் நான் வெல்வெட் என்றுதான் முடிவு செய்வேன்.

இங்கே ஒரு சின்ன யோசனை. மீன் நன்றாக இருக்கும்போதே அதன் செவுள் நிமிடத்துக்கு எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு எண். பத்து நிமிட வேலை. என்றைக்காவது சந்தேகம் வந்தால், வேகமாக மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறதே என்ற குழப்பத்துக்குப் பதிலாகக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

க்ளவுன் மீன்களுக்கு மட்டும் தனியாகப் பேர் வாங்கிய ஒட்டுண்ணி ப்ரூக்லினெல்லா. புள்ளி இருக்காது, உடம்பிலிருந்து சளி வெள்ளை வெள்ளையாக உரிந்து தொங்கும். இதற்கு ஓட்டுக்கட்டமே இல்லை, மீன் மேலேயே இரண்டு நான்காகப் பிளந்து பெருகும், அதனால்தான் இவ்வளவு வேகம். செம்பு இதற்குச் சரிப்படாது, ஃபார்மலின் குளியல்தான் வழக்கம். ஃபார்மலின் நமக்கும் விஷம் என்பதை மறக்கக் கூடாது, கையுறை போட்டு ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தொட வேண்டும். குரோமிஸ் மீன்களின் விலாவில் தீக்காயம் மாதிரி சிவந்த புண் வந்தால் அது யூரோனீமா என்கிற இன்னொரு ஒட்டுண்ணி. அது மீனே இல்லாமலும் பாக்டீரியாவைத் தின்று தொட்டியில் வாழக்கூடியது, ஆகவே மீனை எடுத்துவிட்டுக் காத்திருக்கும் வழி அதனிடம் செல்லாது. மஞ்சள் டாங்கில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளி என்றால் ஒரு வகைத் தட்டைப்புழு, பெரிய அச்சம் தேவையில்லை.

செதில்புழு என்று சொல்லத்தக்க ஃப்ளூக் வகைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை கண்ணுக்கே தெரியாது. தோலில் ஒட்டியிருக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். மீன் பாறையில் உரசும், தலையை உதறும், கண் மங்கலாகும், அவ்வளவுதான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி நன்னீர்க் குளியல். ஒரு கறுப்பு வாளியில் உப்பில்லாத தண்ணீர், தொட்டியின் அதே வெப்பநிலை, அதே பிஎச். ஆர்ஓ தண்ணீர் என்றால் பிஎச் இறங்கிக் கிடக்கும், கொஞ்சம் சமையல் சோடா போட்டு ஏற்றிக்கொள்ள வேண்டும். காற்றுக்கல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீனை அதில் விட்டு ஐந்து நிமிடம். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது பயங்கரமாக இருக்கும், மீன் பக்கவாட்டில் சாய்ந்து செத்தது போலக் கிடக்கும், கை தானாக வலையைத் தேடிப் போகும். ஆனால் இரண்டாவது மூன்றாவது நிமிடத்தில் வாளியின் கறுப்பு அடியில் எள் அளவு வெள்ளைத் துகள்கள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்கும். உப்பில்லாத நீரில் புழு வெளுத்துப்போய்ப் பிடியை விட்டுவிடுகிறது. நான் ஒரு ஏஞ்சல் மீனைக் குளிப்பாட்டியபோது பதினேழு எண்ணினேன், வெளியே பார்த்தால் அதன் மேல் ஒன்றுமே தெரியவில்லை. மீன் நிஜமாகவே தாங்கவில்லை, நிலைகுலைந்து சுழல்கிறது என்றால் ஐந்து நிமிடம் வரை காத்திருக்காமல் எடுத்துவிட வேண்டும். குளியல் முழு வைத்தியம் ஆகாது, மிச்சத்துக்குப் பிராசிக்வாண்டெல் என்கிற புழு மருந்து. அது முட்டைகளைக் கொல்லாது, எனவே முட்டை பொரிய ஒரு வாரம் விட்டு இரண்டாவது தடவை போட வேண்டும். முதல் தடவையோடு நிறுத்திவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

இனி மீனை வெளியே எடுக்கும் கதை. தனித் தொட்டி என்றதும் இன்னொரு அலங்காரத் தொட்டியைக் கற்பனை செய்ய வேண்டாம். அடியில் மணல் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி, ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள். பாறை கூடாது, செம்பை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியின் சம்ப்பில், அதாவது அதே தண்ணீர் சுற்றிவரும் துணைத் தொட்டியில், சில வாரம் போட்டு வைத்திருந்தால் பாக்டீரியா ஏறியிருக்கும், ஆனால் நோய் வந்த பிறகு அதே சம்ப்பிலிருந்து எடுத்தால் ஒட்டுண்ணியையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறோம். மருந்துக்கு முன்னால் இங்கே மீனைக் கொல்வது அமோனியாதான். தினமும் அளந்து, தேவைப்பட்டால் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். செம்பு போட்டிருக்கும்போது அமோனியாவைக் கட்டும் திரவங்களை ஊற்றக் கூடாது, பல வகைகளில் அது செம்பின் விஷத்தன்மையைக் கூட்டிவிடும்.

செம்பில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கிறது, தனியாகக் கரைந்திருக்கும் அயனி வகை, வேறொரு பொருளோடு பிணைத்த கட்டுண்ட வகை. இரண்டுக்கும் அளவு வேறு வேறு. கட்டுண்ட வகைக்கு 2 முதல் 2.5 பிபிஎம் வரை போகிற அளவை அயனி வகையில் போட்டால் மீன் செத்துவிடும். சோதனைக் கிட்டும் அந்தந்த வகைக்குப் பொருந்த வேண்டும். ஒரே நாளில் முழு அளவுக்கு ஏற்றாமல் மூன்று நாலு நாளில் ஏற்றி, பிறகு 30 நாள் ஒரு நாள்கூடக் குறையாமல் வைத்திருப்பதுதான் வழக்கம். ஏன் 30 நாள்? செம்பு மீன் தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியையும் தொடாது, ஓட்டுக்குள் இருப்பதையும் தொடாது, நீந்துகிற அந்தச் சில மணி நேரக் குட்டியை மட்டும்தான் கொல்லும். எல்லா ஓடும் வெடித்து எல்லாக் குட்டியும் வெளியே வரும்வரை வாசலில் காவல் நிற்கிற வேலை அது. நடுவில் ஒரு நாள் அளவு இறங்கினால் அன்றைக்கு வெளியே வந்தவை தப்பித்துவிடும், கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்குத் தொட்டி மாற்றும் முறை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மீனை 72 மணி நேரத்துக்கு ஒரு முறை முற்றிலும் புதிய தண்ணீரும் காய்ந்த சாமான்களும் உள்ள வேறொரு தொட்டிக்கு மாற்றுவது, மொத்தம் நாலு தடவை. மீனிலிருந்து இறங்கிய ஒட்டுண்ணி ஓடு கட்டி வெடிக்கக் குறைந்தது மூன்று நாளாவது ஆகும், அதற்குள் மீன் அங்கே இருக்காது. பழைய தொட்டியைக் கழுவி எலும்பு காயக் காயவைத்தால் அதிலிருப்பது செத்துவிடும். இரண்டு வாளி, இரண்டு ஹீட்டர் இருந்தால் போதும். ஆனால் இது வெண்புள்ளிக்கு மட்டும், வெல்வெட்டின் கணக்கு வேறு என்பதால் அங்கே இதை நம்பி இறங்கக் கூடாது. உவர்ப்பைக் குறைக்கும் முறையும் அப்படித்தான், வெல்வெட்டுக்குப் பயனில்லை. வெண்புள்ளியிலேயே குறைந்த உவர்ப்பைத் தாங்கும் சில வகைகள் பதிவாகியிருக்கின்றன. 1.009 என்பதை ஊசலாடும் ஹைட்ரோமீட்டரில் பார்த்துத் திருப்திப்படாமல், ஒளி வளைவதை வைத்து உவர்ப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்த்து அதில்தான் அளக்க வேண்டும்.

இதற்கிடையில் பெரிய தொட்டி மீனில்லாமல் கிடக்க வேண்டும். 76 நாள் என்று ஒரு எண் எல்லோர் வாயிலும் இருக்கும். ஆய்வுகளில் ஓட்டிலிருந்து குட்டி வெளிவர எடுத்துக்கொண்ட அதிகபட்சம் 72 நாள், அதோடு கொஞ்சம் சேர்த்தது அந்த எண். பெரும்பாலானவை அதற்கு வெகு முன்னாலேயே, நாலு வாரத்துக்குள் வெடித்துவிடும். தண்ணீர் 27 டிகிரியில் இருந்தால் 45 நாள் போதும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். நான் 76ஐயே வைத்துக்கொள்கிறேன், இத்தனை பாடுபட்டுவிட்டுக் கடைசியில் அவசரப்படுவதில் அர்த்தமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. இது கெடும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பிடிக்க முடியாமல் விட்டுவிட்ட ஒரு சின்ன கோபி மீன். அது ஒன்றுதானே, அதன் மேல் புள்ளியே இல்லையே என்று விடுவோம். புள்ளி இல்லாமல் செவுளுக்குள் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு அது முழு 76 நாளும் ஒட்டுண்ணிக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும். பாறையை எல்லாம் எடுத்து வெளியே வைத்தாலும் சரி, தண்ணீரை அடிவரை இறக்கினாலும் சரி, அந்தக் கோபியும் வெளியே வர வேண்டும். பவளங்களுக்கு இந்தக் காலத்தில் ஒரு குறையும் வராது, நைட்ரேட் அடிமட்டத்துக்குப் போய்விடாமல் கொஞ்சம் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்க்கட்சியையும் சொல்லிவிட வேண்டும். வெண்புள்ளியை ஒழிக்கத் தேவையில்லை, அதோடு வாழலாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் முட்டாள்களும் இல்லை. பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருகிறது, மடவை மீன்களை வைத்துச் செய்த ஆய்வில் அது ஆறு மாதம் வரை நின்றது. நல்ல சாப்பாடு, சண்டையில்லாத தொட்டி, நீந்துகிற குட்டிகளைக் குறைக்கும் யுவி விளக்கு என்று வைத்துப் பல வருஷம் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். யுவி தன் வழியாகப் போகும் தண்ணீரில் இருப்பதை மட்டும் கொல்லும், பாறை இடுக்கில் வெடித்து அங்கேயே மீனைப் பிடிக்கும் குட்டி அந்தக் குழாய்ப் பக்கமே போகாது. க்ளீனர் இறாலும் க்ளீனர் ராஸ் மீனும் தோலுக்குள் இருப்பதைப் பிடுங்கி எடுக்க முடியாது. பூண்டு மீனுக்குப் பசியைத் தூண்டலாம், அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். க்ளவுன், ராஸ் மாதிரி மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில் இந்த வழி ஓடிவிடும். டாங் வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் பவுடர் ப்ளூ மாதிரி ஒன்று வைத்திருப்பவர்களுக்கு, மின்சாரம் போய் ஒரு ராத்திரி தண்ணீர் குளிர்ந்தால், புது மீன் ஒன்று வந்து சண்டை போட்டால், அன்றைக்கே எல்லாம் கிளம்பிவிடும். வெல்வெட்டோடு வாழலாம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

வராமலே பார்த்துக்கொள்வது என்றால் மீனை மட்டும் தனிமைப்படுத்தினால் போதாது. ஓடு கட்டிய ஒட்டுண்ணிக்குக் கெட்டியான பரப்புதான் வேண்டும், அது பவளத் துண்டின் அடிக்கட்டையாக இருக்கலாம், நத்தை ஓடாக இருக்கலாம். மீன் தொட்டியோடு ஒரே தண்ணீரில் இருந்த பவளத்தை வாங்கிவந்து நேராகப் போட்டால், அதோடு வருவதையும் போட்டுக்கொள்கிறோம். பவளத்தையும் நத்தையையும் மீனில்லாத ஒரு சின்னத் தொட்டியில் அதே 45 நாளோ 76 நாளோ வைப்பதுதான் வழி. வெல்வெட்டுக்கு இன்னொரு குணம் உண்டு, காற்றுக்குமிழ் வெடிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளில் ஏறிப் பக்கத்துத் தொட்டிக்குப் போய்விடும். 2006ல் வந்த ஓர் ஆய்வில், காற்றோட்டம் இருந்தபோது 3 மீட்டர் வரை போனது. தனித் தொட்டியைப் பெரிய தொட்டியின் ஸ்டாண்டுக்குக் கீழேயே வைத்து, அதே வலை, அதே கை என்று புழங்கினால் இரண்டும் ஒரே தொட்டிதான்.

76 நாள் முடிந்து மீனைத் திரும்ப விடும்போது, தனித் தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளர்கூடப் பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது, அதில் செம்பு இருக்கிறது. உவர்ப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொண்டு, மீனை ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் பிடித்து, தண்ணீரை வடித்து, மீனை மட்டும் விட வேண்டும். டாங்கை வலையில் அள்ளினால் வால் அருகே இருக்கும் முள் வலையில் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது தடவை வளர்த்த டாங்கை அப்படித்தான் விட்டேன். ஒரு நிமிடம் திகைத்து நின்றது, அப்புறம் இரண்டரை மாதத்துக்கு முன்னால் தூங்கிய அதே இடுக்குக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.